சிவப்பு நோட்டும் பச்சைப் பெட்டியும்

மேடத்தின் எழுத்து அறை ஒரு கார். அந்தக் காரை ஓட்டியவன் நான்.

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் கடலைப் பார்த்த வீடு அவருக்கு இருந்தது. அதில் அகலமான மேஜை இருந்தது, முதுகுக்கு இதமான நாற்காலி இருந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்தால் ஒரு வரி வராது என்பார். காலை எட்டு மணிக்கு ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறுவார். "கேப்டன், தண்ணீர் இருக்கிற பக்கம் போகலாம்" என்பார். கேப்டன் என்பது நான்தான். என் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் அவமானம் வேண்டாம் என்று அவரே வைத்த பெயர் அது.

அலையாத்திக் காட்டின் ஓரத்தில், உப்பங்கழியைப் பார்த்தபடி வண்டியை நிறுத்துவேன். இஞ்சின் ஓடும், ஏசி ஓடும். தண்ணீருக்கு அப்பால் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். இன்னும் தள்ளி மலைகள் இருக்கின்றனவா இல்லையா என்று சொல்ல முடியாதபடி வெளுத்துத் தெரியும். பின்னால் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்பதெல்லாம் கலைந்துபோய் அரைக்கண் மூடிக் கிடப்பேன். கனவு காண்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ராமநாதபுரத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

அதற்கு முன் ஒன்பது வருஷம் சவுதியில், ஜுபைலில், கேம்ப் பஸ் ஓட்டினேன். விடியற்காலையில் நாற்பது பேரை ஏற்றி பிளாண்ட்டில் இறக்க வேண்டும், சாயங்காலம் அதே நாற்பது பேரைக் கரிப்பிடித்த முகத்தோடு திரும்ப ஏற்ற வேண்டும். சீக்கிரம் போ என்கிற "யல்லா, யல்லா"வைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் பேசியதில்லை. அப்படி இருந்தவனுக்கு, பின்சீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் காதல்களை வாசித்துக் காட்டினால் எப்படி இருக்கும்? முதல் வாரம் காது சிவந்துவிட்டது.

ஆமாம், வாசித்துக் காட்டுவார். எழுதியதை ஓடுகிற வண்டியில் சத்தமாகப் படித்தால்தான் எந்த இடத்தில் பொய் இருக்கிறது என்று தெரியும் என்பார். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலமும் உடைந்த இந்தியும். இங்கே தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் ஒரே சொல்தான். அவர் என்னை நீங்கள் என்றுதான் சொன்னார் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

அவருக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. இளமையில் லண்டனில் பெரிய இடத்துப் பெண். விருந்துகளில் யார் யாரோடு வந்தார், யார் யாரைப் பார்க்காமல் போனார் என்று பத்திரிகைக்கு எழுதிப் பெயர் வாங்கியவர். அப்புறம் இரண்டு நாவல்கள். மூன்று கணவர்கள். முதலாமவர் எண்ணெய் கம்பெனி அதிகாரி, அவரோடுதான் இருபத்திரண்டு வயதில் பஹ்ரைனுக்கு வந்தார். இரண்டாமவர் இங்கிலாந்தில் குதிரை வளர்த்தவர். மூன்றாமவர் ஓவியர். அந்த ஓவியர் கடைசிக் காலத்துக்கு ராஸ் அல் கைமா வெளிச்சம் வேண்டும் என்று கேட்டு வந்து, இங்கேயே கண்ணை மூடினார். இடையில் கல்யாணம் வரை போகாத இருவர்: ஒரு விமானி, பஹ்ரைனில் ஒரு வியாபாரக் குடும்பத்துப் பையன்.

ஆளுக்கு ஒரு நோட்டு. எண்ணெய்க்காரருக்கு நீலம், குதிரைக்காரருக்குப் பழுப்பு, விமானிக்குக் கறுப்பு, ஓவியருக்கு மஞ்சள். ஐந்தாவது சிவப்பு. அதைத்தான் கடைசியாக எழுதிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டதையெல்லாம் மத்தியானம் என் மனைவிக்கு ஃபோனில் சொல்வேன். பரமக்குடிப் பக்கத்தில் இருந்துகொண்டு அவள் அந்த ஐந்து ஆண்களையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டாள். குதிரைக்காரரை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. விமானி பரவாயில்லை. டிவி சீரியலை அவள் நிறுத்தியே விட்டாள்.

"அப்பறம் என்னாச்சு?" என்பாள் எடுத்ததும்.

"சாப்டியான்னு கேக்க மாட்டியா?"

"சாப்ட்ருப்பீக. அந்தப் பஹ்ரைன்காரர் என்னானாரு, அதச் சொல்லுங்க."

பஹ்ரைன்காரர் கதை இதுதான். எண்ணெய்க்காரரின் வீட்டில் மேடம் மனம் நொந்து கிடந்த வருஷம் அது. அந்தப் பையன் அவருக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆறு மாதத்தில் இருவரும் கப்பலேறி பம்பாய்க்குப் போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். குறித்த நாளில் துறையில் சந்திக்க வேண்டும். சிவப்பு நோட்டில் மேடம் எழுதியது: நான் போகவில்லை. அன்று காலை படுக்கையை விட்டு எழவே இல்லை, இரண்டு ஆரஞ்சுப் பழம் தின்றேன், ஜன்னல் வழியாகக் கப்பலின் சங்கு மூன்று முறை கேட்டது, பாவம், அவர் துறையில் வெயிலில் நின்றுகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான்கு பக்கத்துக்கு அவர் நின்றதைப் பற்றித்தான். கயிறுகளின் தார் வாசனை, பேரீச்சங்கூடைகளில் மொய்த்த ஈ, கையில் பிடித்த பச்சைப் பெட்டியின் வார் உள்ளங்கையில் போட்ட சிவந்த கோடு. படித்து முடித்ததும் மேடம் சிரிப்பார். "கொடூரக்காரி, இல்லையா கேப்டன்?" என்பார்.

நான் அழகான எழுத்து என்று சொக்கிப்போயிருந்தேன். மனைவி ஒரே நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டாள்.

"அந்தம்மா பொய் சொல்றாக."

"எழுத்தாளர்டி. கற்பனையா எழுதுவாங்க."

"அந்தப் பச்சைப் பெட்டி அவுக அம்மா கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்ததுன்னு போன மாசம் நீங்கதான சொன்னீக? நீல நோட்டுல வந்துச்சே. அது எப்புடி அவரு கைக்குப் போச்சு? வெயில்ல நின்னது அந்தம்மாதான். வராதது அவரு."

காரை ஓரம் கட்டிவிட்டு யோசித்தேன். ஆறு வருஷமாக அந்தக் குரலைக் கேட்கிறேன். எங்கே பொய் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, கடல் தாண்டி இருக்கிறவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மேடத்திடம் போய் எதைச் சொல்வது? கண்ணாடியில் பார்க்கிற முகத்தை நேரே பார்த்துப் பேசுகிற உரிமை டிரைவருக்குக் கிடையாது. வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து பேரில் உயிரோடு இருந்தவர் அந்தப் பஹ்ரைன்காரர் ஒருவர்தான். மேடத்தை விட இரண்டு வயது மூத்தவர். எப்போதோ ஒரு கல்யாண விருந்தில் இருவரும் பார்த்துக்கொண்டார்களாம். நலமா என்று அவர் கேட்டாராம், நலம் என்று இவர் சொன்னாராம், அவ்வளவுதான். இப்போது அவருக்கு இதயத்தில் ஆபரேஷன், ஐரோப்பாவுக்குப் போகிறார், போகும் வழியில் துபாயில் அரை நாள் தங்குவார் என்று தகவல் வந்தது. எந்த நாள் என்று தெரியவில்லை. அந்த வயதில் அந்த ஆபரேஷனுக்குப் போகிறவர் திரும்பி வருவார் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. சிவப்பு நோட்டை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்றால்தான் புத்தகத்தில் சேர்ப்பேன் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போதெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். சாகப்போகிற மனிதரிடம் போய் ஒரு பொய்யை வாசிக்கப் போகிறாரே என்று எனக்கு இருக்கும்.

அந்த அக்டோபரில் சரஸ்வதி பூஜை வந்தது. டிரைவர்களுக்கு அதுதான் பெரிய நாள். வீட்டுக்குப் பின்னால் என் ரூம். சின்ன சாமி படம், ஒரு பலகை. முந்தின நாள் மனைவி வீடியோவில் வந்து மேற்பார்வை பார்த்தாள். பொரி வாங்கினேனா, எலுமிச்சம்பழம் வாங்கினேனா, சாவியைக் கழுவினேனா.

"அந்தச் செவப்பு நோட்டையும் எடுத்து வைங்க. நல்லபடியா முடியட்டும், பாவம்" என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எழுதிக்கொண்டிருக்கும் நோட்டு, அதுவும் அறுபது வருஷத்துக் கதை, பூஜையில் வைக்காமல் வேறு எதை வைப்பது? பை எப்போதும் காரின் பின்சீட்டிலேயே கிடக்கும். விடிந்ததும் போய் சிவப்பு நோட்டை மட்டும் எடுத்து வந்தேன். அட்டையில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, என் லைசென்ஸுக்கும் வண்டியின் சர்வீஸ் புத்தகத்துக்கும் பக்கத்தில் வைத்தேன். காருக்குப் பொட்டு வெளியே வைக்க முடியாது, சன் வைஸருக்குப் பின்னால் வைத்தேன். கேட்டுக்கு உள்ளேயே எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தடயம் தெரியாமல் கழுவிவிட்டேன். மேடத்திடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல காரியத்துக்கு யாராவது அனுமதி கேட்பார்களா? அன்று முழுக்கப் புத்தகத்தைத் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்துப் பிரித்துப் படித்து, புதிதாக ஒரு வரியாவது எழுத வேண்டும். எடுத்த இடத்தில் அப்போது வைத்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஒன்பது மணிக்கு மேடம் இறங்கி வந்தார். நீல உடை, கழுத்தில் முத்து. "துபாய்" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போகும்போதுகூட அவர் முத்து போட்டுக்கொள்கிறவர்தான். நானும் பல் டாக்டர் என்றே எண்ணிக்கொண்டேன்.

அன்று பனிமூட்டம் வேறு. எமிரேட்ஸ் ரோட்டில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும், பிறகு அதுவும் தெரியாது. வேலிக்கு அப்பால் ஒட்டகங்கள் தலையும் கழுத்துமாக மிதந்தன. மேடம் அன்று எதையும் வாசிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. உம் அல் குவைன் தாண்டும்போது, "அவர் வந்திருக்கிறார் கேப்டன். இரண்டு மணிக்கு அவருக்கு விமானம்" என்றார்.

சிவப்பு நோட்டு என் ரூம் பலகையில் இருக்கிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் திரும்பிப் போக வேண்டும், போய் வந்தால் அவரைப் பார்க்க முடியாது. ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்றால் வீட்டில் வேறு ஆள் கிடையாது, என் ரூம் சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது. இதையெல்லாம் யோசித்தபடி, கோழை மாதிரி, ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஓட்டல் வாசலில் அவர் பையை மாட்டிக்கொண்டு இறங்கியபோதும் வாய் வரவில்லை.

பார்க்கிங்கில் நிற்கும்போது ஃபோன் வந்தது. "சிவப்பு எங்கே?" என்றார். அவ்வளவு மெல்லிய குரலை அவரிடம் நான் கேட்டதில்லை.

ஓட்டலுக்குள் ஓடினேன். லாபியின் மூலையில், உயரமான ஜன்னலுக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். வெள்ளை அங்கி, முழங்காலில் கம்பளி. எதிரே சோபாவில் மேடம். நடுவில் டீ மேஜை மேல் நான்கு நோட்டுகளும் பரத்திக் கிடந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி சொன்னது, பலகை, சந்தனம், குங்குமம், நாளைக் காலை வரை தொடக் கூடாது என்பது. சொல்லச் சொல்ல எனக்கே எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது.

"என்னுடைய நோட்டு" என்றார் மேடம். "என்னைக் கேட்காமல். இந்த ஒரு நாளில். உங்கள் கடவுளுக்கு வேறு புத்தகமே கிடைக்கவில்லையா?"

நான் தலை குனிந்து நின்றேன். வேலை கலாஸ், போயே போய்விட்டது என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. அதைவிட, அவர் கை அந்தக் காலிப் பைக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து தேடியதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

அப்போது பெரியவர் சிரித்தார். இருமலும் சிரிப்பும் கலந்து வந்தது. "அச்சா, இன்றைக்குப் புத்தகம் திறக்கக் கூடாத நாளா?" என்று என்னிடம் கேட்டார், சுத்தமான பம்பாய் இந்தியில். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "இவரைத் திட்டாதீர்கள். பம்பாயில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு மதராஸி குடும்பம். அந்த அம்மாள் வீணை வாத்தியார். விடிந்ததிலிருந்து பிள்ளைகள் ஒரே பாடத்தை வாசித்துக் கொல்வார்கள். வருஷத்தில் ஒரு நாள் வீணையைப் பூ வைத்து மூடிவிடுவார்கள். அந்த ஒரு நாள்தான் எனக்கு மத்தியானத் தூக்கம். நான்கு வருஷம், நான்கு தூக்கம்."

மேடம் பையிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்கள் எப்போது பம்பாயில் இருந்தீர்கள்?"

"எப்போதா? அந்தக் கப்பலில் போனேனே."

"எந்தக் கப்பல்?"

பெரியவர் அவரையே பார்த்தார். "நாம் போக இருந்த கப்பல். நீங்கள் வரவில்லை. நான் போய்விட்டேன்."

நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. ஆனாலும் நின்றேன். வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது, ஜன்னலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டடங்கள் முளைத்தன. நோட்டு கையில் இருந்திருந்தால் மேடம் அதைப் பிரித்து, ஆரஞ்சுப் பழத்தில் ஆரம்பித்து, தன் அழகான குரலில் வாசித்திருப்பார். அவரும் மரியாதைக்காரர், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு விமானத்துக்குப் போயிருப்பார். கையில் ஒன்றும் இல்லாததால் மேடம் வெறும் வாயால் பேச வேண்டியதாகிவிட்டது.

"நான் வந்தேன்" என்றார்.

"இல்லை."

"வந்தேன். ஆறு மணியிலிருந்து மூன்றாவது சங்கு வரை துறையில் நின்றேன். என் பெட்டியோடு நின்றேன். நீங்கள்தான் வரவில்லை."

பெரியவரின் கை கம்பளியைப் பிடித்துக்கொண்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வீட்டுக்குச் செய்தி தெரிந்து துறையில் தன் சித்தப்பாவின் ஆட்கள் நிற்பதாகக் கேள்விப்பட்டு, விடியும் முன்பே ஒரு மீனவர் படகில் போய்க் கப்பலில் ஏறிக்கொண்டாராம். துறையில் நிற்க வேண்டாம், நேரே படகு பிடித்துக் கப்பலுக்கு வாருங்கள் என்று டிக்கெட் ஆபீஸ் குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்பினாராம். குமாஸ்தா சொல்லவில்லை. பயந்தானோ, மறந்தானோ. கப்பல் ஆழத்தில் நின்றது. கரை ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று சங்கும் கேட்கும் வரை அந்தக் கோட்டையே பார்த்தாராம்.

"பச்சையாக ஏதோ ஒன்று தெரிந்தது" என்றார். "காய்கறிக் கூடை என்று நினைத்தேன்."

மேடம் அழுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். பெரியவரும் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எந்த இடத்தில் அது அழுகையாயிற்று என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு அவருடைய மகன் வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். வாசலில் பெரியவர் என்னைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டேன்.

திரும்பும் வழியில் உம் அல் குவைன் கடற்கரையில் நிறுத்தச் சொன்னார் மேடம். பனி போய் வெயில் வந்திருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலை வெளியே போட்டபடி உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "எழுத்தில் அவரை அந்த வெயிலில் நிறுத்திவிட்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன், கேப்டன்" என்றார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

கொஞ்சம் தள்ளிப் போய் மனைவிக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் அப்பவே சொன்னேனே என்று குதிப்பாள் என்று பார்த்தேன். பெட்டி விஷயத்தில் அவள் சொன்னதுதானே சரியாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள். பிறகு, "நீங்க எப்ப வர்றீக?" என்றாள்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவு. மேடத்தின் புத்தகம் முடியட்டும் என்று கடைசி லீவையும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தேன். அந்தக் கேள்வியை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததால் அவளுக்கு அது பழகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். வெட்கமாக இருந்தது. சீக்கிரம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, பலகையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அட்டையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மேடம் வாங்கி முகர்ந்து பார்த்தார். "இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். முதலில் படிக்க வேண்டும், பிறகு புதிதாக எழுத வேண்டும் என்றேன். உப்பங்கழிக்குப் போனோம். பின்சீட்டில் அவர் தன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார், இந்தத் தடவை மௌனமாக. பிறகு பேனா கொஞ்ச நேரம் மட்டும் ஓடியது. இறங்கும்போது நோட்டை விரித்துக் காட்டினார். வெள்ளைப் பக்கத்தின் உச்சியில் இரண்டே சொற்கள். தமிழில் சொன்னால், நான் போனேன்.

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. ஆபரேஷன் முடிந்து பெரியவர் பிழைத்து பஹ்ரைனுக்கு வந்தார். தினமும் நான்கு மணிக்கு ஃபோன் வரும். உப்பங்கழியைப் பார்த்தபடி நிற்கும் காரில், ஸ்பீக்கரில் இரண்டு கிழட்டுக் குரல்கள் பேசிக்கொண்டிருக்கும். இன்று என்ன மீன், முழங்கால் எப்படி, அந்தப் படகுக்கு என்ன பெயர் வைத்திருந்தோம். சில சமயம் பத்து நிமிஷம் ஒன்றுமே பேச மாட்டார்கள். லைன் கட்டாகிவிட்டது என்று நான் திரும்பிப் பார்ப்பேன். மேடம் உதட்டில் விரல் வைப்பார். பதிப்பகத்திலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்தது. அதையெல்லாம் அவர் விசிறியாக்கிக்கொண்டார்.

எட்டு மாதம் அப்படிப் போனது. ஜூனில் ஒரு நாள் நான்கு மணிக்கு ஃபோன் வரவில்லை. நான்கரைக்கு மகன் பேசினார். மேடம் கேட்டுவிட்டு, நன்றி என்றார். அன்று பொழுது சாயும் வரை ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் அவருடைய அண்ணன் மகள் வந்து இங்கிலாந்துக்கு அழைத்துப்போனாள். நான்கு நோட்டும் பதிப்பகத்துக்குப் போயின. சிவப்பை என்னிடம் கொடுத்தார். "மீதிப் பக்கம் எல்லாம் காலி, கேப்டன்" என்றார். அந்தக் காலிப் பக்கங்களில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குவைத்தில், மங்காஃபில், ஸ்கூல் வேன் ஓட்ட ஒரு வேலை தயாராக இருந்தது. ஒரு வாரத்தில் சேர வேண்டும் என்றார்கள். முதலில் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன், இல்லையென்றால் வேறு ஆள் பாருங்கள் என்றேன். வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

மதுரைக்குக் காலை எட்டு மணிக்கு இறங்க வேண்டிய விமானம். ஏதோ கோளாறு என்று துபாயிலேயே உட்கார வைத்து, இறங்கும்போது மத்தியானம் இரண்டரை ஆகிவிட்டது. தாமதம் என்று சொல்ல அவளுக்கு அடித்தால் ஃபோன் எடுக்கவில்லை. வீட்டில் இருப்பாள், நேரே போய்விடலாம் என்று பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், முதல் வரிசையில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சார்ஜ் போன ஃபோன் இடுப்பில் சொருகியிருந்தது. தலையில் வைத்த மல்லிகை பழுத்துப் பழுப்பாகியிருந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிற?" என்றேன்.

"இப்பத்தான் வந்தேன்" என்றாள்.